தாசம்மாளும் இரண்டு வார்ப்புத் தண்ணீரும்

தாசம்மாளின் கைகள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தன. ஆள் படுத்திருக்கும்போதே பழையதை உருவிப் புதியதைப் போட வேண்டும். நீலாம்பாளை ஒருக்களித்துச் சாய்த்து, பழைய விரிப்பை முதுகோரம் வரை சுருட்டி, அதை ஒட்டியே புதியதைப் பாதி விரித்து, பிறகு அந்தச் சுருளைத் தாண்டி மறுபக்கம் புரட்டினாள்.

“மெல்லடி. நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?” என்றாள் நீலாம்பாள். பக்கவாதம் இடது பக்கத்தைத்தான் தொட்டிருந்தது. நாக்கைத் தொடவில்லை.

“மூட்டைக்கு வாய் கிடையாது மாமி. வலது கையை என் தோள்ல போடுங்க.”

வாசல்படியில் நீலாம்பாளின் மகன் சாம்பசிவன் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கரமனை வாசகசாலைக்குச் செயலாளர் ஆகி, உத்தியோகத்தில் இருந்ததைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தார்.

“தாசம்மா, ஒரு காரியம் சொல்லணும்.”

“சொல்லுங்க சாரே. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு.”

“குடியரசு தினத்தன்னைக்குக் குழந்தைகளோட கூட்டயோட்டம் வச்சிருக்கோம். நம்ம தெருக் குழந்தைகள் வருவா. காலனிக் குழந்தைகள்தான் வராதாம். அதுகள் இல்லேன்னா பின்னே என்ன கூட்டம், என்ன ஓட்டம்? நாலு பேர் கடைக்குப் போற மாதிரி இருக்கும்.”

“எப்படி அனுப்புவாங்க? முந்தின வருசம் ஓணத்துக்குக் குடுத்த நாரங்கா வெள்ளம் அவங்களுக்கு மறந்திருக்குமா?”

சாம்பசிவன் தலையைத் தடவிக்கொண்டார். அந்த ஓணத்துக்கு வாசகசாலை நடத்திய விளையாட்டுப் போட்டியில் குழந்தைகளுக்கு எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஆற்றங்கரைக் காலனியில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை. சாற்றினால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

“நீ வந்து தண்ணிப் பொறுப்பை எடுத்துண்டா அவா நம்புவா,” என்றார் சாம்பசிவன்.

தாசம்மாள் நீலாம்பாளின் முதுகில் கை நுழைத்துப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிறகுதான் நிமிர்ந்தாள்.

“எடுக்கேன். ஆனா வெள்ள விஷயத்துல என் சொல்லுதான் கடைசி. கமிட்டி கூடிப் பேசி மாத்தப்பிடாது.”

“ஏண்டா சாம்பு,” என்றாள் நீலாம்பாள் படுத்தபடியே, “என்னையே இவள் இந்தப் பாடு படுத்தறா. உன் கமிட்டியை விட்டுவைப்பாளா?”

தாசம்மாள் பாறசாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்குச் சேர்ந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாளா என்று யாராவது கேட்டால், “அதுக்குக் காசு இல்ல, இதுக்கு ஆள் வேணும்ணாங்க” என்பாள். குளிப்பாட்டுவது, புரட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊட்டுவது, இறந்தவர்களைத் துடைத்து வெள்ளைத் துணி சுற்றுவது, எல்லாம் அங்கே கற்றதுதான். கணவர் சற்குணம் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் அனுஷாவை வளர்த்து மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டோடு தங்காத ஹோம் நர்ஸாகத் திருவனந்தபுரத்துக்கு வந்தாள். கிள்ளியாற்றை ஒட்டி இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள்.

நீலாம்பாள் வீட்டில் முதல் மாதம் அவளுக்குத் தனி டம்ளர். ஒருநாள் பகலில் நீலாம்பாளுக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்தபோது, தாசம்மாள் அவளைக் குப்புறச் சாய்த்துத் தொண்டைக்குள் விரல் விட்டுச் சோற்றை எடுத்தாள். அதன் பிறகு அந்த டம்ளர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்குப் பின்னால்தான் காலனி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள். காய்ச்சல், கட்டி, பிரசவ வலி, எதுவானாலும் முதலில் தாசம்மாள் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் மருந்து கொடுப்பதில்லை. பார்த்துவிட்டு, “கஞ்சி குடுத்துப் படுக்க வை” என்பாள். அல்லது, “இப்பமே ஆட்டோ பிடி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்பாள். இரண்டில் எதைச் சொன்னாலும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதால்தான் சில பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். காலனியில் அவளுக்கு இருந்த சொத்து அந்த ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே காலனிக்குப் போனாள். முதலில் மாடம்மாள் வீடு. மாடம்மாள் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பார்கள்; அவள் மறுத்தால் கதவைத் தட்டுவதே வீண். மாடம்மாள் மண் சுமந்துவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. ஓட்டத்துக்குக் கூப்பிட வந்தீயளோ? வேண்டாம், அப்படியே போயிருங்க.”

“உக்காரச் சொல்ல மாட்டியா?”

“உக்காருங்க. தாராளமா உக்காருங்க. சம்மதம் மட்டும் கெடையாது.”

தாசம்மாள் உட்கார்ந்தாள். உள்ளே மாடம்மாளின் மகள் அஜிதா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்புள்ள ரெண்டு மாசம் மஞ்சக் கெழங்கு மாதிரி கெடந்தா. நீங்கதான பாத்திய? பாடமெல்லாம் விட்டுப்போயி, பரீச்ச எழுத முடியாம ஒரு வருசம் வீணாப் போச்சு. இப்ப கூடப் படிச்சதுவ எல்லாம் மேல் கிளாஸுல இருக்கு. இவ கீழ உக்காந்திருக்கா.”

“அம்மா, ஞான் நல்லா ஓடுவேன்,” என்றாள் அஜிதா உள்ளிருந்து.

“ஏட்டி, ஒன்னயக் கேட்டமா? பொஸ்தகத்தப் பாரு.”

“நான் சொல்லுகேன் கேளு,” என்றாள் தாசம்மாள். “இந்தத் தடவை வெள்ளம் என் கையிலயாக்கும். என் கண்ணு முன்னால கொதிச்ச வெள்ளம் இல்லாம வேற ஒரு துளி எந்தப் பிள்ளை வாயிலயும் போகாது. நாரங்கா கிடையாது, சர்பத்து கிடையாது, பச்சை வெள்ளம் கிடையாது.”

“நீங்க சொல்லுவீய. அங்க நிக்கவன் கலந்துருவான்.”

“கலந்தா அந்தப் பாத்திரத்தைக் கவுத்துருவேன்.”

மாடம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். “வாக்கா?”

“வாக்குதான்.”

“தப்பிட்டுன்னா?”

“தப்பினா பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா நீங்க யாரும் போக வேண்டாம்.”

மாடம்மாள் சேலை முந்தானையால் காலைத் துடைத்தாள். “அன்னைக்கு நான் வேலைக்குப் போவல. உங்க தண்ணிப் பக்கத்துலயே நிப்பேன். பாத்துக்கிடுங்க.”

“நில்லு. ரெண்டு கை கூடுதலா கிடைச்சது.”

வாசகசாலையில் ஏற்பாடுகள் நடந்தன. சாம்பசிவன் அக்கிரகாரத்துச் சமூக மடத்திலிருந்து இரண்டு பெரிய வெண்கல வார்ப்புகளைக் கொண்டு வந்து இறக்கினார். கல்யாணத்துக்குப் பாயசம் காய்ச்சும் பாத்திரங்கள். ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள் வேண்டும். தாசம்மாள் இரண்டையும் புளி போட்டுத் தேய்த்தாள். வாசகசாலை முற்றத்துக் குழாயின் கைப்பிடியைத் திருகிக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கிணற்று வாளியைக் கயிற்றோடு உள்ளே வைத்துப் பூட்டினாள். சில்வர் டம்ளர்களை ஒரு தடவை கழுவியவர்களை மறுபடியும் கழுவச் சொன்னாள். கமிட்டி இளைஞர்கள் அவளுக்கு ‘கலெக்டர் அம்மா’ என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தது. அவள் மறுக்கவில்லை.

முந்தின நாளே தண்ணீரைக் காய்ச்சி வைத்துவிடலாம் என்றார் சாம்பசிவன்.

“வேண்டாம். ராத்திரி முழுக்கத் திறந்த கட்டடத்துல கிடக்கிற வெள்ளத்துக்கு யாரு காவல்? பல்லி விழுமா, எவனாவது கையை விடுவானா? அன்னன்னைக்குக் காய்ச்சின வெள்ளத்தை அன்னன்னைக்குக் குடிக்கணும்.”

ஆஸ்பத்திரியில் அவள் கற்ற பாடம் அது. வார்டில் கெட்டிலில் காய்ச்சி, கூஜாவில் ஊற்றி, நோயாளி கேட்கும்போது கொடுத்த தண்ணீருக்கு அந்தப் பாடம் சரியாகத்தான் இருந்தது.

குடியரசு தினத்தன்று விடியும்போதே அடுப்பு மூட்டினாள். இரண்டு வார்ப்பிலும் தண்ணீர் பெரிய பெரிய குமிழாகப் புரண்டு கொதித்தது. போதும் என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டாள். பிறகு விறகை இழுத்துப் போட்டாள். வாயைத் துவைத்த மல் துணியால் கட்டினாள். மாடம்மாள் சொன்னபடி வந்து நின்று, குமிழ் வருவதை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவள் கணவன் சொரிமுத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு தள்ளி நின்றான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். அன்றைக்கு விடுப்பு.

காலனிப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கிரகாரப் பிள்ளைகள் வெள்ளை ஷூ போட்டிருந்தார்கள். காலனிப் பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்கால். கொடியேற்றம் முடிந்தது. எம்.எல்.ஏ. வருவதாகச் சொன்னவர் வரவில்லை என்பதால் பேச்சும் சீக்கிரம் முடிந்தது. ஓட வேண்டிய வழி: வாசகசாலை மைதானத்திலிருந்து அக்கிரகாரத் தெரு, ஜங்ஷன், ஆற்றங்கரைச் சாலை, திரும்ப மைதானம். எல்லோருக்கும் மிட்டாய் உண்டு. முதலில் நாடாவைத் தொடுகிற மூன்று பேருக்குப் பென்சில் பெட்டி.

சாம்பசிவன் விசிலை வாயில் வைக்கப் போகும் நேரத்தில், தாசம்மாள் ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்த்தாள். குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி. கையை உதறினாள். மணிக்கட்டு சிவந்துவிட்டது.

மற்ற வார்ப்பையும் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். அடுப்பை அணைத்து எவ்வளவோ நேரம் ஆகியும் சூடு இறங்கவே இல்லை. விரல் தடிமன் வெண்கலம். மேலே துணி வேறு. கெட்டிலைப் போல அரை மணியில் ஆறிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இது கல்யாணப் பாயசத்தை மூன்றாவது பந்தி வரை சூடாக வைத்திருக்கும் பாத்திரம் என்பதை அவள் நினைக்கவில்லை.

விசில் ஊதியாயிற்று. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிப் போனார்கள்.

தாசம்மாள் துணிகளை அவிழ்த்து எறிந்தாள். டம்ளர்களை மேசையில் பரப்பி அகப்பையால் ஊற்ற ஆரம்பித்தாள். டம்ளரைத் தொட முடியவில்லை.

“சாரே, வெள்ளம் ஆறல்ல. தப்பு என்னுதாக்கும். வீட்டுல இருந்து அகலமான பாத்திரம், தாம்பாளம், எது கிடைச்சாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பரத்தி வச்சு விசிறணும்.”

“அதெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு சாம்பசிவன் வெளியே ஓடினார்.

அவர் போனது ஐஸ் வாங்க. ஜங்ஷனுக்கு அப்பால் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் விற்கிற ஒரு கொட்டகை இருந்தது. ஆட்டோவில் போய் ஆட்டோவில் திரும்பினார். பின்வாசல் வழியாக வந்தார். மாடம்மாள் முன்பக்கம் மேசையருகே நின்று டம்ளர்களுக்கு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். தாசம்மாள் தாம்பாளம் தேடி உள்ளே போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது பின்பக்கத்து வார்ப்பில் ஒரு பெரிய ஐஸ் கட்டி பாதி கரைந்து மிதந்தது. சுற்றிலும் மரத்தூள்.

சாம்பசிவன் முகத்தில் பெருமை. “எப்படி இருக்கு ஐடியா? நம்ம குழந்தைகள் வர்றதுக்குள்ளே ஜில்லுன்னு ஆயிடும்.”

“சாரே, இது எந்த வெள்ளத்துல செஞ்ச ஐஸு?”

அவர் மிதக்கும் கட்டியைக் குனிந்து பார்த்தார். “ஆனா கொதிக்கிற தண்ணியில்னா போட்டேன்? கிருமி எல்லாம் செத்துப் போயிருக்கும். இல்லியா?”

“செத்திருக்கலாம். சாகாமலும் இருக்கலாம். நீங்க போட்டதும் சூடு இறங்கிட்டு. எவ்வளவு இறங்கிட்டு, எவ்வளவு கிருமி நின்னுதுன்னு நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியாது.”

சாம்பசிவன் முன்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொம்மனாட்டி பாக்கலை. யாருமே பாக்கலை. மரத்தூளை வடிகட்டிட்டா தீந்தது. குழந்தைகள் ஜங்ஷன் தாண்டியிருப்பா, தாசம்மா. இருக்கிறதையும் கொட்டிட்டா அவா வந்து எதைக் குடிப்பா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெயில் ஏறிவிட்டது. ஓடி வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்பார்கள். மற்ற வார்ப்பிலிருந்த தண்ணீர் நாக்கைப் பொசுக்கும். மாடம்மாள் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் மாடம்மாளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்று தாசம்மாள் வாக்குக் கொடுக்கவில்லை. கொதித்த தண்ணீர் என்றுதான் கொடுத்திருந்தாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க சாரே.”

“என்னது?”

“நான் ஒத்தைக்குக் கவுத்த முடியாது. பிடிங்க.”

அறுபதைத் தொட்ட இரண்டு பேரும், ஆட்டோக்காரரும், ஒரு கமிட்டிப் பையனும் சேர்ந்து தள்ளினார்கள். வார்ப்பு ஒருபக்கம் சாய்ந்தது. தண்ணீர் திமுதிமுவென்று மைதானத்துச் செம்மண்ணில் பாய்ந்தது. ஐஸ் கட்டி உருண்டு போய்ச் செம்பருத்திச் செடி அடியில் நின்றது. சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். மாடம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“என்னக்கா, கீழ கொட்டிட்டீய?”

“ஐஸு போட்டாச்சு. அதான் கொட்டியாச்சு.”

“எந்தப் பய போட்டான்?”

தாசம்மாள் குனிந்து வார்ப்பின் விளிம்பில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்தாள். சாம்பசிவன் ஈரமான வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான்தாம்மா போட்டேன்,” என்றார்.

மாடம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ‘பய’ என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. பிறகு வார்ப்பைப் பார்த்தாள். நனைந்த மண்ணைப் பார்த்தாள். கடைசியாகத் தாசம்மாளைப் பார்த்தாள்.

“சரி. இப்பம் எம்புள்ள நாக்குத் தள்ளி வருவாளே. என்னத்தக் குடுப்பீய?”

“அந்த வார்ப்புல இருக்கதை ஆத்திக் குடுக்கணும்.”

“இதுல ரெண்டு பேரு விசிறி முடிக்கதுக்குள்ள பொழுது அடஞ்சிரும்.” மாடம்மாள் எரிச்சலோடு கையை நீட்டிக் கணவனைக் காட்டினாள். “அந்தா நிக்காரு பாருங்க, புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு. சுடுதண்ணிய ஆத்துததுக்குத்தான் அவருக்குச் சம்பளம். இங்க வந்து கையக் கெட்டிக்கிட்டு நிக்காரு.”

திட்டத்தான் சொன்னாள். தாசம்மாள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“சொரிமுத்து தம்பி! இங்க வாங்க. செணம் வாங்க. ஜங்ஷன்ல டீ அடிக்கிற உங்க ஆளுக எத்தனை பேரு?”

“எல்லாம் நம்ம ஊருக்காரனுவதான் அக்கா. ஏன்?”

“எல்லாரையும் கூப்பிடுங்க. ஆத்துற குவளையோட வரணும். ஆளுக்கு ரெண்டு.”

சொரிமுத்து ஓடினான். ஜங்ஷனில் அந்த நேரத்தில் வியாபாரம் இல்லை. டீ குடிக்க வந்தவர்களும் ஓட்டம் பார்க்க ரோட்டோரத்தில் நின்றார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலனி டீ மாஸ்டர்கள் குவளைகளோடு ஓடி வந்தார்கள். எதிர்த் திசையில் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இவர்களைப் பார்த்துக் கை தட்டினார்களாம். இவர்களும் ஏதோ போட்டியில் ஓடுவதாக நினைத்துவிட்டார்கள்.

“தூளு எங்கக்கா?” என்றான் வந்தவர்களில் ஒருவன்.

“தூளு இல்ல, பாலு இல்ல, சீனி இல்ல. வெறும் வெள்ளம். முதல்ல குவளையைக் கொதிவெள்ளத்துல முக்கி எடு.”

“வெறுந்தண்ணிய ஆத்துனோம்னு முதலாளி கேட்டா சிரிப்பாரே.”

“சிரிக்கட்டும். அவரு பிள்ளையும் ஓடுது.”

வரிசையாக நின்றார்கள். தாசம்மாள் அகப்பையால் மொண்டு ஒவ்வொருவன் குவளையிலும் ஊற்றினாள். சொரிமுத்து புதுச் சட்டையைக் கழற்றி மாடம்மாளிடம் கொடுத்துவிட்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடது கையை முழங்காலுக்கு இறக்கினான். தண்ணீர் கயிறு போல இறங்கியது. டீ என்றால் நுரைக்காக ஆற்றுவார்கள். இங்கே காற்று படுவதற்காக. நாலைந்து தடவை மேலும் கீழும் போனதும் தாசம்மாள் ஒரு சொட்டு வாங்கி மணிக்கட்டில் விட்டாள்.

“இன்னும் ரெண்டு இழுப்பு.”

மறுபடி விட்டாள். “இது சரி. டம்ளர்ல ஊத்து. அடுத்தது.”

கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. ஒருவன் குவளையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போய் இழுத்தான். இன்னொருவன் திரும்பிப் பார்க்காமலே பிடித்தான். ரோட்டோரத்துக் கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது.

“வித்தை காட்டாதே. கீழ சிந்தினா எடுத்துத் தர வேற வெள்ளம் இல்ல,” என்று தாசம்மாள் அதட்டினாள். அதன் பிறகு ஒரு துளி சிந்தவில்லை.

சாம்பசிவன் வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். “என் பேர்ல கோபமா, தாசம்மா?”

“கோபப்பட இப்பம் நேரமில்ல சாரே. உங்க கைப்பக்கம் ஆறு டம்ளர் காலி.”

முதல் பிள்ளைகள் மைதானத்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் மூன்று நாலு பேர்; அதில் அஜிதாவும் ஒருத்தி. பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். நாடாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தண்ணீர் மேசை நாடாவுக்கு முன்னால் இருந்தது. அங்கே அப்பாமார்கள் வரிசையாக நின்று, கயிறு கயிறாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி நின்றார்கள். வெள்ளை ஷூவும் வெறுங்காலும் ஒரே கும்பல்.

“ஓடுங்கோடா! நாடாவைத் தொடுங்கோ!” என்று கத்தினார் சாம்பசிவன். ஒருத்தரும் நகரவில்லை.

மாடம்மாள் ஒரு டம்ளரை எடுத்தாள். மகளிடம் கொடுக்கவில்லை, முதலில் தான் குடித்தாள். நாக்கைச் சப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை எடுத்து அஜிதாவிடம் நீட்டினாள்.

“குடி. பைய குடி. மூச்ச விட்டுட்டுக் குடி.”

அஜிதா ஒரே மூச்சில் குடித்தாள். “அம்மா, வெள்ளத்துக்கு சாயா மணம்!”

“ஆமா, ஒங்கப்பன் மணமும் அதான். இன்னொரு டம்ளர் வேணுமா?”

கடைசிப் பிள்ளை வரும்வரை தண்ணீர் போதுமானதாக இருந்தது. வார்ப்பின் அடியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. முதலில் வந்தது யார் என்று கமிட்டி கூடி விவாதித்தது. யாரும் நாடாவைத் தொடவில்லை. சாம்பசிவன் கடைசியில் பென்சில் பெட்டிகளை உடைத்து ஆளுக்கொரு பென்சிலாகக் கொடுத்தார். அதுவும் எல்லோருக்கும் வரவில்லை. பென்சில் கிடைக்காதவர்களுக்கு மிட்டாய் இரண்டு.

மறுநாள் காலையில், நீலாம்பாள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், தாசம்மாள் காலனிக்குப் போனாள். மாடம்மாள் வாசலில் அஜிதாவைப் பிடித்து நிறுத்தி, வெளிச்சத்தில் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளையாத்தான் இருக்குக்கா.”

“இன்னைக்குப் பார்த்தா என்ன தெரியும்? மஞ்சள் வாரதுன்னா மாசம் ஒண்ணு ஆகும்.”

“அப்பம் மாசம் ஒண்ணும் பாக்கேன்.”

“பாரு. நான் வீடு வீடா அதைச் சொல்லத்தான் வந்தேன். பிள்ளைக்குச் சோத்தைக் கண்டா குமட்டினா, மூத்திரம் கடுமஞ்சளாப் போனா, அன்னைக்கே எங்கிட்ட கூட்டிட்டு வரணும். ஒளிச்சு வைக்கப்பிடாது.”

மாடம்மாள் மகளின் முகத்தை விட்டாள். “அப்படி யாருக்காவது வந்துட்டுன்னா உங்க வாக்கு போச்சுன்னுல்லா பேசுவாங்க? நீங்கதான் எல்லாத்தையும் கொதிக்க வச்சீயளே. எதுக்கு நீங்களே போயி வாயக் குடுக்கீய?”

“பள்ளிக்கூடத்துலயும் குடிக்கும், கடையிலயும் குடிக்கும். எங்க குடிச்சு வந்தாலும் சீக்கிரம் பாத்தா பிள்ளைக்கு நல்லது. வாக்கை நான் பாத்துக்கிடுவேன். முதல்ல பிள்ளையைக் கூட்டிட்டு வந்தாப் போதும். பின்னே, ஐஸு போட்டதையும் சொல்லணும்.”

“அதையுமா? அதான் கொட்டியாச்சே!”

“கொட்டினதையும் சேத்துச் சொல்லணும். அவங்க வேற யாரு வாய் வழியாவும் கேக்கப்பிடாது.”

கட்டடத்து மேஸ்திரி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மாடம்மாள் அஜிதாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தாசம்மாளுக்கு முன்னால் நடந்தாள். அடுத்த வீட்டுக் கதவை அவள்தான் தட்டினாள். உள்ளிருந்து ஆள் வருவதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“கேட்டியளா, நேத்து அந்த சாரு மலை மாதிரி ஐஸக் கொண்டாந்து போட்டுட்டாரு...”

“ஒரு கட்டி,” என்றாள் தாசம்மாள்.

“சரி, ஒரு கட்டி. அக்கா அப்படியே ஒத்தக் கையால கவுத்திட்டாவ...”

“நாலு பேரு சேர்ந்து கவுத்தோம். மாடம்மா, நடந்ததை மட்டும் சொல்லு. இன்னும் வரிசையா வீடு கிடக்கு.”

மாடம்மாள் நடந்ததை மட்டும் சொன்னாள். குமட்டல், மூத்திரம், கண் என்று மூன்றையும் விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.